கடகடப்பு நின்ற ரிவால்வர்

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ரெட் ஃபோர்க் பொருட்காட்சி மைதானத்தின் துப்பாக்கிச் சந்தையில், மூலை மேசையைச் சுற்றி நின்றவர்கள்:

ஆர்டிஸ் பெல்நாப். மூலை மேசைக்காரி. ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரைக் குழலோடு கையாலேயே இழைத்துப் பொருத்துகிறவள். மொன்டானாவில் பாதிப் பேர் இந்த வேலைக்கு இவளிடம்தான் வருவார்கள். மீதிப் பேரை இவள் ஏற்கெனவே திட்டித் துரத்தியிருக்கிறாள்.

க்ளீட் ராம்சி. கத்தி வியாபாரி. ஆறு வருடமாக இவன் மேசை பெண்கள் கழிப்பறைக்கு எதிரே. நேற்று ஆர்டிஸிடம் ஒரு ரிவால்வர் வாங்கினான். இன்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து கத்திக்கொண்டிருந்தான்.

வெர்னன் ஹாஸ்கெட். சந்தையை நடத்தும் சங்கத்தின் தலைவர். வாசலில் உட்கார்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு துப்பாக்கியின் பின்னாலிருக்கும் ஹேமர் என்கிற சுத்தியலையும் இழுக்க முடியாதபடி, அறுத்தால்தான் கழலும் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டுக் கட்டுகிறவர். சனிக்கிழமைக்கு நீலம், ஞாயிறுக்கு ஆரஞ்சு.

கோரா லின்ட்ஸ்ட்ரோம். துப்பறிபவள். முன்பு மாட்டுத் திருடர்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாடுகள் பொய் சொல்லாது என்று அலுத்துப்போய் மனிதர்களிடம் வந்துவிட்டாள்.

டூலி. கோராவின் உதவியாள். ஒரு கையில் சில்லி என்கிற காரக் குழம்புக் கிண்ணம், மறு கையில் சினமன் ரோல். இரண்டையும் கீழே வைக்க அவனுக்கு உத்தேசம் இல்லை.

மேசை நடுவில், இத்தனை பேரின் கண்ணும் பட்டுக்கொண்டு, அந்த ரிவால்வர். நாற்பத்து நான்கு மேக்னம். கரடிக் காட்டுக்குப் போகிறவன் இடுப்பில் தொங்கவிடுகிற ஜாதி. ஹேமரில் நீல நிற டை.

"வெளிச்சத்தப் பாருங்க!" என்றான் க்ளீட். சிலிண்டரின் முகமும் குழலின் பின்வாயும் சந்திக்கிற இடத்தில் டார்ச் அடித்தான். மறுபக்கம் வெளிச்சம் கீற்றாக விழுந்தது. "இந்தச் சந்துல என் மாமியார் நுழைஞ்சு வெளிய வரலாம். 'கையால் பொருத்தியது, ஆட்டம் இல்லை'ன்னு எழுதி வச்சு விக்கிறா. இவ வார்த்தைய நம்பி, சோதிக்காம வாங்கினேன்."

"அது என் சிலிண்டரே இல்லடா!" ஆர்டிஸ் மேசையைத் தட்டினாள். பக்கத்து மேசைத் தோட்டாக்கள் உருண்டன. "நான் பொருத்தினது பூட்டு மாதிரி உக்காரும். இது யார் வீட்டு ஓட்டைச் சட்டியோ!"

"சிலிண்டர் மேல உன் பேரு எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. துப்பாக்கியின் எண் உடம்பில்தான் இருக்கும். சிலிண்டர் அநாதை. யார் வீட்டில் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"நான் மாத்தினேன்னு சொல்றியா?" க்ளீட் நீல டையைத் தூக்கிக் காட்டினான். "நேத்து இந்த வாசல்ல தலைவர் கையால கட்டினது. அறுபடல. ஹேமர அசைக்காம சிலிண்டரக் கழட்ட முடியுமா? நீயே சொல்லு."

முடியாது. அது ஆர்டிஸுக்கும் தெரியும்.

வெர்னன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நேத்து போட்ட டையோட வந்தான். சாட்சி கலையக் கூடாதுன்னு நான் புதுசா ஆரஞ்சு கூடப் போடல. ஆர்டிஸ், எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா சொன்னது ஒண்ணு, வித்தது ஒண்ணுன்னா விதி விதிதான். பன்னெண்டு மணிக்கு மைக்ல சொல்லி சங்கத்துலேருந்து உன் பேர நீக்கிடுவேன்."

அதற்கு அர்த்தம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இங்கே நீக்கப்பட்டவளை மாநிலத்தில் எந்தச் சந்தையும் சேர்க்காது. ஆர்டிஸின் பட்டறைக்கு வருகிற வேலையெல்லாம் இந்த மூலை மேசை வழியாகத்தான் வருகிறது. ஏமாற்றுக்காரி என்று மைக்கில் ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அவளிடம் எவனும் திருகாணிகூட முடுக்கத் தரமாட்டான்.

ஆர்டிஸ் கோராவைப் பார்த்தாள். கெஞ்சல் எல்லாம் இல்லை. "உன்னக் கூப்பிட்டது வேடிக்கை பாக்கவா?" என்பது போல ஒரு பார்வை.

கோரா ரிவால்வரைத் தொடவே இல்லை. குனிந்து டையைப் பார்த்தாள். நிமிர்ந்து க்ளீட்டைப் பார்த்தாள். "டூலி, வா" என்று, பழம் வைத்துச் சுட்ட பை பலகாரம் விற்கும் கவுன்ட்டர் பக்கம் நடந்தாள்.

"பாஸ், மணி பதினொண்ணரை" என்றான் டூலி. "ஹக்கிள்பெர்ரி பை வாங்கற நேரமா இது? வாங்கறதா இருந்தா எனக்கும் ஒண்ணு."

"உனக்கு ரிவால்வர் பாத்து வாங்கத் தெரியுமா?"

"எனக்கு பூட்ஸே பாத்து வாங்கத் தெரியாது. இப்ப போட்டிருக்கறது ரெண்டும் இடது கால்."

"அருமை. அந்த முகத்தோட அப்படியே க்ளீட் மேசைக்குப் போ. பெரிய ரிவால்வர் வாங்கணும், ஏமாறாம எப்படிப் பாக்கறதுன்னு கேளு."

"அவன் இருக்கற கோபத்துல எங்கிட்ட எதுக்குச் சொல்லப் போறான்?"

"இந்த ஊர்ல ஒருத்தன் வாயத் திறக்கணும்னா விஸ்கி வாங்கித் தர வேண்டாம். துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னாப் போதும். சொல்லிக் கொடுக்காம அவனால இருக்கவே முடியாது. நீ நடிக்கக்கூட வேண்டாம்."

"இதப் பாராட்டா எடுத்துக்கறேன்."

கழிப்பறைக்கு எதிரே இருந்த மேசைக்கு ஒரு தனி மணம் இருந்தது. பினாயிலும் பாலிஷ் எண்ணெயும் கலந்தது. க்ளீட் திரும்பி வந்து, கோபத்தோடு கத்திகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். டூலி சில்லி கிண்ணத்தை இரண்டு வேட்டைக் கத்திகளுக்கு நடுவில் வைத்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கத்தி வாங்கறியா?"

"இல்லண்ணே. கரடிக்கு ஒரு பெரிய ரிவால்வர். கரடிய சுடறதுக்கு. கரடிக்குக் கொடுக்கறதுக்கு இல்ல."

"போடா அந்தப் பக்கம்."

"அங்க ஒருத்தர் பளபளன்னு ஒண்ணு காட்டினார். பாக்க நல்லா இருக்கு, கைப்பிடி மான் கொம்பு. வாங்கிடலாம்னு இருக்கேன்."

க்ளீட்டின் கை நின்றது. அவன் முகத்தில் ஒரு வேதனை ஓடியது. பல் வைத்தியரிடம் ஒருவன் கல்கண்டு கடித்துக் காட்டினால் அவர் முகம் போகிற போக்கு.

"மான் கொம்பப் பாத்தா துப்பாக்கி வாங்குவே? கைப்பிடியாலயா சுடப்போற?" ஒரு பெருமூச்சு. "இங்க வா. மொதல்ல உள்ள தோட்டா இல்லன்னு பாரு. நீயே பாரு. விக்கறவன் சொன்னான்னு நம்பாத."

"சரிண்ணே."

"அப்புறம் சிலிண்டர முன்னும் பின்னும் தள்ளிப் பாரு. அசையவே கூடாது. அசைஞ்சா, பெரிய தோட்டா ஒவ்வொண்ணு வெடிக்கறப்பவும் அது சுத்தியல் மாதிரி தன்னையே அடிச்சுக்கும். அடுத்தது சந்து." க்ளீட் சட்டைப்பையிலிருந்து விசிறி போல் விரியும் மெல்லிய தகடுகளை எடுத்தான். ஃபீலர் கேஜ். வேறு ஊரில் ஆண்கள் பேனா வைத்திருக்கிற பையில் இந்த ஊரில் இது இருக்கும். "சிலிண்டரப் பின்னால அழுத்திப் பிடிச்சுட்டு இதச் செருகு. முன்னால தள்ளி அளந்தா சந்து சின்னதாத் தெரியும். விக்கறவன் அப்படித்தான் காட்டுவான். ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல நாலு பங்கு, அஞ்சு பங்கு நல்லது. ஆறு வரைக்கும் பொறுத்துக்கலாம். பத்துன்னா ஓடிடு."

"எந்தப் பக்கம் ஓடணும்?"

"அவன் சுடாத பக்கம். இப்ப முக்கியமானது." க்ளீட்டின் குரல் தணிந்தது. கோயில் கர்ப்பக்கிரகத்துக்குள் பேசுகிற குரல். கையில் இல்லாத ரிவால்வரை இரு கையாலும் பிடித்தான். "கட்ட விரலால சிலிண்டர மெதுவா உரசிப் பிடி. ஹேமர மெதுவா இழு. முழுசா இழுத்து முடிக்கறதுக்குள்ள சிலிண்டர் 'டக்'னு பூட்டணும். பூட்டினப்புறம் இடது வலதா ஆட்டிப் பாரு. தோட்டா உக்கார்ற அறையும் குழலும் நேர்கோட்டுல நிக்கலன்னா, குண்டு குழலோட விளிம்புல உரசி ஈயத்தச் சீவும். பக்கத்துல நிக்கறவன் காது போச்சு."

"நம்ம தலைவர் துப்பாக்கி மாதிரியா?"

க்ளீட் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "அது துப்பாக்கியா? மாட்டுக் கழுத்து மணி! இடுப்புல வச்சுட்டு நடந்தா நாய் கூட வழி விடும். அவர் சுட வந்தா ரெண்டு பக்கமும் நாலு பேர் நகந்துடுவாங்க." சட்டென்று சிரிப்பை நிறுத்தி, கத்தி ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தான்.

டூலி அந்த நிறுத்தத்தை சினமன் ரோலோடு சேர்த்து மென்றான். "ஒரு அறை பாத்தா போதுமா அண்ணே?"

"ஆறும் பாக்கணும்! அஞ்சு பாத்துட்டு ஆறாவத விட்டேன்னு வை, கரடி ஆறாவதுக்குத்தான் வரும். நேத்து அந்த ஆர்டிஸ் துப்பாக்கில ஆறும் பாத்தேன். அஞ்சு சுமார். மூணாவது அறைல முழுசா இழுத்தாலும் பூட்டல. ஒரு மயிரிழை இடது பக்கமா நிக்குது. விரலால தள்ளினாத்தான் உக்காருது. இதெல்லாம் தெரியாதவன் சந்த மட்டும் பாத்துட்டுப் போயிடுவான்."

எதிரே பெண்கள் கழிப்பறைக் கதவு திறந்தது. கோரா கைகளைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். இத்தனை நேரம் கை கழுவுகிற ஆள் இல்லை அவள்.

"அருமையான பாடம்" என்றாள். "அந்த மூணாவது அறைய எப்ப பாத்தீங்க மிஸ்டர் ராம்சி?"

"நேத்து சாயந்திரம். வீட்ல."

"ஹேமர முழுசா இழுத்து."

"பின்ன? இழுக்காம எப்படி…"

டார்ச் அடிக்க டையை அறுக்க வேண்டாம். ஹேமரை இழுக்க அறுக்கத்தான் வேண்டும். அறுபடாத டை இருக்கிற துப்பாக்கியில் ஆறு அறையையும் பூட்டிப் பார்த்த ஒரே மனிதன் என்கிற பெருமை அந்த நிமிடம் க்ளீட் ராம்சியைச் சேர்ந்தது.

"அண்ணே" என்றான் டூலி. "எந்தப் பக்கம் ஓடணும்னு கேட்டேனே. உங்களுக்குத் தெரியுமா?"

மூலை மேசைக்கு அவர்கள் திரும்பியபோது கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. சந்தையில் சண்டை என்றால் பை கவுன்ட்டர்காரி கூடக் கரண்டியோடு வந்து நிற்பாள். கோரா இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். க்ளீட் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். நேற்று டையை அறுத்தான். வேறொரு நீல டை கட்டிக் கொண்டுவந்தான்.

ஆர்டிஸ் இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். "அப்போ சிலிண்டர மாத்தினது யாருன்னு இனிமே சொல்லணுமா?"

"ஒரு நிமிஷம்." வெர்னன் கையை உயர்த்தினார். ரொம்ப வேகமாக உயர்த்தினார் என்று டூலிக்குப் பட்டது. "க்ளீட், என் பெட்டிலேருந்து டை திருடியிருக்க. வெக்கமா இல்ல? ஆனா டைய அறுத்தான்னுதான் தெரியுது. சிலிண்டர மாத்தினான்னு யாரு பாத்தா? நல்ல சிலிண்டர்னு ஒண்ணு இருந்தா அது எங்க? துப்பாக்கி கெட்ட துப்பாக்கிதான். அதனால என் தீர்ப்பு, ரெண்டு பேரையும் நீக்கறேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஆர்டிஸின் முகம் முதன்முறையாக வெளுத்தது. குற்றம் சாட்டினவனே மாட்டிக்கொண்டும் அவள் தலை தப்பவில்லை. பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம்.

க்ளீட்டுக்கும் இது எதிர்பாராத அடி. "என்னையுமா?" என்று வெர்னனைப் பார்த்தான். பிறகு அவன் கண் வெர்னனைத் தாண்டி, வாசலோரம் இருந்த சங்க மேசைக்கு ஒரு கணம் போய்த் திரும்பியது.

கோரா அவன் கண் போன திசையைப் பார்த்தாள். கோராவைப் பார்த்து டூலியும் பார்த்தான். சங்க மேசையில், பச்சைத் துணி மேல், 'விற்பனைக்கு அல்ல' என்ற அட்டையோடு வெர்னனின் சொந்த ரிவால்வர். ஆர்டிஸ் விற்ற அதே கம்பெனி, அதே மாடல், இருபது வருடம் மூத்தது. ஆரஞ்சு டை.

"டூலி, தலைவரோட துப்பாக்கிய எடுத்துட்டு வா" என்றாள் கோரா. "வர்ற வழில நல்லா குலுக்கிட்டே வா."

"அதத் தொடாத!" என்றார் வெர்னன்.

டூலி தொட்டது மட்டுமில்லை, சோடா பாட்டில் மாதிரி தலைக்கு மேல் குலுக்கிக்கொண்டே கூட்டத்துக்கு நடுவில் ஊர்வலம் வந்தான். இடுப்பை வேறு ஆட்டினான். முதலில் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

துப்பாக்கியிலிருந்து சத்தமே வரவில்லை.

"வெர்னன்" என்றது கூட்டத்தில் ஒரு கிழட்டுக் குரல். "உன் மணி எங்க?"

"ரிப்பேர் பண்ணேன்."

"யாருகிட்ட?" என்றாள் ஆர்டிஸ்.

"நானே பண்ணேன்."

இந்தப் பதிலுக்குக் கிடைத்த சிரிப்பு அன்று சந்தையில் வேறு எதற்கும் கிடைக்கவில்லை. வெர்னன் ஹாஸ்கெட் தன் வீட்டு அஞ்சல் பெட்டிக் கதவைச் சரிசெய்யப் போய், பெட்டியையே காரில் ஏற்றிக்கொண்டு ஆர்டிஸிடம் வந்த கதை ஊருக்கே தெரியும்.

"டைய வெட்டறதுக்கு ஏதாவது கொடுங்க" என்றாள் கோரா. க்ளீட் தன் சொந்தக் கத்தியை நீட்டினான். அவன் இப்போது யார் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நீலமும் அறுந்தது, ஆரஞ்சும் அறுந்தது.

ஆர்டிஸ் இரண்டு துப்பாக்கியிலும் தோட்டா இல்லை என்று கூட்டத்துக்குக் காட்டினாள். நடு அச்சுகளை உருவினாள். இரண்டு சிலிண்டர்களும் இரண்டு உள்ளங்கைகளில் விழுந்தன. வலது கையில் இருந்ததை இடது துப்பாக்கிக்கும், இடது கையில் இருந்ததை வலதுக்கும் கொடுத்தாள். அரை நிமிட வேலை. நேற்றுச் சாயந்திரம் யாரோ இதே அரை நிமிடத்தில் இதே வேலையைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள்.

முதலில் தன் ரிவால்வரை எடுத்தாள். சிலிண்டரைத் தள்ளினாள், இழுத்தாள். அசையவில்லை. ஹேமரை மெதுவாக, கட்டைவிரல் உரச இழுத்தாள். டக். அடுத்தது. டக். ஆறு முறை. க்ளீட்டின் சட்டைப்பையிலிருந்தே ஃபீலர் கேஜை உருவி, சிலிண்டரைப் பின்னால் அழுத்திச் செருகினாள். நாலு போனது. அஞ்சு போகவில்லை.

"நான் விட்டுட்டுப் போன இடம்" என்றாள்.

பிறகு வெர்னனின் துப்பாக்கியை டூலியிடம் நீட்டினாள். டூலி லேசாகத்தான் ஆட்டினான். கடகடகட. வாசலோரம் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"தலைவரே, உங்க மணி கிடைச்சுடுச்சு" என்றான் டூலி.

"அவர்தான் சொன்னார்!" க்ளீட் வெடித்துவிட்டான். "சிலிண்டர் அவருக்கு, மூலை மேசை எனக்குன்னு பேச்சு. நீல டைய அவரே கொடுத்தார். ஆறு வருஷமா கழிப்பறை வாசல்ல உக்காந்திருக்கேன். ஒவ்வொரு தடவ கதவு திறக்கறப்பவும் என்கிட்ட நின்ன ஆள் மூக்கப் பிடிச்சுட்டு அடுத்த மேசைக்குப் போயிடறான். நீங்க உக்காந்து பாருங்க, உங்களுக்கும் புத்தி இப்படித்தான் போகும்!"

எல்லோரும் வெர்னனைப் பார்த்தார்கள். இதுவரை 'அவர்' என்று நினைத்து வந்த டூலிக்கு இதற்கு மேல் அந்த மரியாதையைத் தூக்கிச் சுமக்க மனமில்லை. வெர்னன் காதுவரை சிவந்திருந்தான்.

"எனக்கு ஒரு சிலிண்டர் பொருத்திக் கொடுன்னு மூணு தடவ கேட்டேன் இவகிட்ட" என்றான். "மூணு தடவையும் இந்தத் துப்பாக்கிய ஆத்துல போடுன்னா. எல்லார் முன்னாலயும். இத்தன பேர் சிரிச்சாங்க."

"ஆத்துலதான் போடணும்" என்றாள் ஆர்டிஸ். "குழலோட பின்வாயே தேஞ்சு போச்சு. அதுக்கு எத்தன சிலிண்டர் போட்டாலும் ரெண்டு மாசம்தான். அதத்தான் சொன்னேன். நீ மொத பாதியக் கேட்டுட்டு கோவிச்சுட்டுப் போயிட்ட. மூணு தடவையும்."

வெர்னன் அவளைப் பார்த்தான். அந்த இரண்டாவது பாதியை அவன் இப்போதுதான் கேட்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பை கவுன்ட்டர்காரியாக இருக்கலாம். அவளுக்குச் சளி.

"பன்னெண்டு ஆகப் போகுது" என்றாள் கோரா. "மைக்ல ஒரு அறிவிப்பு இருக்கறதா சொன்னீங்க."

"நாளைக்கு… கமிட்டி கூடி…"

"ஆர்டிஸ் பேர நீக்கப் போறதா காலைலேருந்து சந்தை பூரா சொல்லி வச்சிருக்கீங்க. இங்க நிக்கறவங்களுக்கு விஷயம் தெரியும். அந்தக் கோடி ஹால்ல இருக்கற ஐநூறு பேருக்குத் தெரியாது. சாயந்திரம் அவங்க பாட்டுக்கு வண்டி ஏறி, கேட்ட பாதிக் கதையோட ஊருக்குப் போயிடுவாங்க."

"சிலிண்டர நீ மாத்தினன்னு சொல்லு" என்றாள் ஆர்டிஸ். "என் வேலைல குறை இல்லன்னு சொல்லு. அவ்வளவுதான். போலீஸ கூப்பிடறதா வேண்டாமான்னு நான் சாப்பிட்டுட்டு யோசிக்கறேன்."

வெர்னன் சுற்றிலும் பார்த்தான். வழி விடுகிற முகம் எதுவும் தென்படவில்லை. சங்க அலுவலகம் வரைக்கும் கூட்டம் அவனோடு கூடவே நடந்தது. அலுவலகம் என்றால் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மைக், போன வருடத்துக் கோழிக் கண்காட்சியின் கோப்பைகள். ஜன்னல் கிடையாது. கதவின் வெளிப்பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தவில்லை. கோப்பைகளைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். மைக்கைத் தட்டிப் பார்த்தான்.

"என்ன வார்த்தைல சொல்றதுன்னு கொஞ்சம் யோசிக்கணும்" என்றான். "எல்லாரும் போங்க. ஒரு அஞ்சு நிமிஷத்துல நானே வெளிய வந்து…"

"வெளிய வந்து காருக்குப் போயிடுவே" என்றாள் ஆர்டிஸ்.

"பாஸ், ஆளப் பூட்டி வைக்கறது சட்டப்படி சரியா?" என்று டூலி கோராவின் காதில் கேட்டான்.

"எந்த ஆள்? நான் பை கவுன்ட்டரப் பாத்துட்டு நிக்கறேன்" என்றாள் கோரா. உண்மையாகவே முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தாள்.

ஆர்டிஸ் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பழக்கதோஷம், சாத்துவதற்கு முன்னால் முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

"நிதானமா யோசி வெர்னன்" என்றாள். "நீ சொல்றது கோடி ஹால் வரைக்கும் எனக்குக் கேக்கணும். கேட்டப்புறம் திறக்கறேன்."

கதவைச் சாத்தினாள். சாவியைத் திருகினாள். பூட்டிக்கொண்டது.